ப்ளூபெர்ரி சாப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவு ஆலோசனை சொல்லும் வேலையில் இருக்கிறேன். ப்ளூபெர்ரி பற்றி வரும் சந்தேகங்கள் மட்டும் ஆள் மாறினாலும் மாறுவதில்லை. சகல நோய்க்கும் இதுதான் மருந்து என்று நம்பிக் கேட்பவர்கள் உண்டு. எல்லாம் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குபவர்களும் உண்டு. இருவருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: நல்ல பழம், தாராளமாகச் சாப்பிடுங்கள், ஆனால் மருந்து செய்ய வேண்டிய வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைத் தந்திருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

ப்ளூபெர்ரி நிஜமாவே உடம்புக்கு நல்லதா, இல்லை எல்லாம் விளம்பரமா?

நல்லதுதான். ஆனால் சொல்லப்படும் எல்லா நன்மைக்கும் ஒரே அளவு ஆதாரம் கிடையாது. ரத்தக்குழாய்கள் நெகிழ்வாக இருக்க உதவுகிறது என்பதற்கு மனிதர்களிடம் செய்த சோதனைகளே இருக்கின்றன. சர்க்கரை நோய் வராமல் தடுப்பது, வயதானபின் ஞாபகசக்தியைக் காப்பது ஆகியவற்றில் நம்பிக்கை தரும் தகவல்கள் உண்டு, முடிவான நிரூபணம் இல்லை. கண் பார்வை கூர்மையாகும், புற்றுநோய் குணமாகும், தொப்பை கரையும் என்பதெல்லாம் ஆதாரத்தை மிஞ்சிய பேச்சு. ஒவ்வொன்றையும் கீழே தனித்தனியாகப் பார்ப்போம்.

அப்படி என்னதான் சத்து இருக்கு அதுல?

100 கிராம் பழத்தில் சுமார் 84 கிராம் தண்ணீர். கலோரி 57 தான். மாவுச்சத்து 14.5 கிராம், அதில் சர்க்கரை ஏறக்குறைய 10 கிராம், நார்ச்சத்து 2.4 கிராம். வைட்டமின் சி 10 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவு, வைட்டமின் கே 19 மைக்ரோகிராம், மாங்கனீஸ் 0.3 மில்லிகிராம், பொட்டாசியம் 77 மில்லிகிராம்.

இந்த எண்களை மட்டும் பார்த்தால் சாதாரணப் பழம் என்றுதான் தோன்றும். வைட்டமின் சி வேண்டுமென்றால் ஆரஞ்சு இதைவிடப் பல மடங்கு தரும். ப்ளூபெர்ரிக்குப் பெயர் வாங்கித் தந்தது வைட்டமின் இல்லை, அதன் தோலில் இருக்கும் நிறமி.

அந்தோசயனின்னு சொல்றாங்களே, அது என்ன?

அந்த நிறமியின் பெயர்தான் அந்தோசயனின். ஒரு பழத்தை நறுக்கிப் பாருங்கள். சதை வெளிறிய பச்சையாக இருக்கும், நிறமெல்லாம் தோலை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான். பழத்தை நசுக்கினால் கையில் ஒட்டுவது நீலம் இல்லை, கருஞ்சிவப்பு. தோலை உரித்துச் சாப்பிடும் பழமாக இருந்திருந்தால் இத்தனை ஆராய்ச்சி இதன்மேல் நடந்திருக்காது.

உடம்புக்குள் போனபின் நடப்பது இன்னும் சுவாரசியம். அந்தோசயனினில் மிகச் சிறிய பங்குதான் அப்படியே ரத்தத்தில் கலக்கிறது. மீதி பெருங்குடல் வரை போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைத்துச் சின்னச் சின்ன அமிலங்களாக மாற்றுகின்றன. அவை ரத்தத்துக்குள் நுழைகின்றன. 2013-இல் ஆரோக்கியமான ஆண்களுக்கு ப்ளூபெர்ரி பானம் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தக்குழாய் விரியும் திறன் ஓரிரு மணி நேரத்தில் ஒருமுறையும், 6 மணி நேரம் கழித்து மறுமுறையும் கூடியது. அந்த இரண்டாவது ஏற்றம் குடலில் உடைந்து வந்த பொருள்களோடு சேர்ந்து வருகிறது. ஒரே பழத்தைச் சாப்பிட்ட இருவருக்குப் பலன் வேறுபடுவதற்குக் குடல் பாக்டீரியாவும் ஒரு காரணம் என்று கருதப்படுவது இதனால்தான்.

மேல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சிருக்கே, பூச்சி மருந்தா?

இல்லை. பழம் தானே சுரக்கும் மெழுகு அது. ஈரம் வெளியேறாமல் காக்கிறது. அந்தப் படலம் கலையாமல் இருந்தால் அதிகம் கைபடாத, புதிய பழம் என்று அர்த்தம். தாராளமாகச் சாப்பிடலாம்.

பழத்துக்கு நீல நிறம் தருவதே இந்த மெழுகுதான் என்று 2024-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். மெழுகின் நுண்ணிய அமைப்பு நீல ஒளியையும் புற ஊதா ஒளியையும் சிதறடிக்கிறது. விரலால் தேய்த்துவிட்டால் நீலம் மறைந்து, அடியில் இருக்கும் கருமை தெரியும். வீட்டிலேயே பார்க்கலாம், குழந்தைகளுக்குக் காட்டினால் ரசிப்பார்கள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடணும்?

இவ்வளவு என்று அதிகாரபூர்வ அளவு எதுவும் இல்லை. சோதனைகளில் அடிக்கடி பயன்படுத்தியது ஒரு கப், அதாவது ஏறக்குறைய 150 கிராம். மக்களின் உணவுப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வுகளிலோ, வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சாப்பிட்டவர்களிடமே வித்தியாசம் தெரிந்தது.

நான் சொல்வது: முடிந்தால் அரை கப்பிலிருந்து ஒரு கப் வரை, வாரத்தில் பல நாள். பழத்தை எண்ணி எண்ணிச் சாப்பிட வேண்டாம், ஒவ்வொரு ரகமும் ஒவ்வொரு அளவு. ஒரே நாளில் மூன்று நான்கு கப் சாப்பிட்டால் கூடுதல் பலன் எதுவும் வராது. வயிறு உப்புசம், பேதி வேண்டுமானால் வரலாம்.

இதயத்துக்கு நல்லதுன்னு எதை வச்சு சொல்றாங்க?

இரண்டு வகை ஆய்வுகளை வைத்து. முதல் வகை, பெரிய கூட்டத்தை நீண்ட காலம் கவனிப்பது. 2013-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 93,600 பெண் செவிலியர்களை 18 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். உணவில் அந்தோசயனின் மிக அதிகமாக இருந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட 32 சதவீதம் குறைந்திருந்தது. அந்த அந்தோசயனினில் பெரும்பங்கு ப்ளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரியிலிருந்து வந்தது. ஆனால் இப்படிப் பழம் சாப்பிடுபவர்கள் பொதுவாக உடற்பயிற்சியும் செய்வார்கள், புகைக்க மாட்டார்கள். அதையெல்லாம் கணக்கில் கழித்துப் பார்த்தாலும் முழுதாகக் கழிந்துவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாவது வகை, ஆட்களைப் பிரித்து ஒரு பிரிவுக்கு ப்ளூபெர்ரியும் இன்னொரு பிரிவுக்கு அதே நிறம், அதே ருசியுள்ள போலிப் பொடியும் கொடுத்துப் பார்ப்பது. 2019-இல் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகம் முன்னின்று நடத்திய சோதனை அப்படிப்பட்டது. கூடுதல் எடையோடு சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் என்று பிரச்சினைகள் சேர்ந்திருந்த 115 பேர், 6 மாதம். ஒரு கப்புக்கு ஈடான பொடியைத் தினமும் சாப்பிட்டவர்களுக்கு ரத்தக்குழாய் விரியும் திறன் தெளிவாகக் கூடியது. அரை கப்புக்கு ஈடானதைச் சாப்பிட்டவர்களுக்கு அந்த மாற்றம் தெரியவில்லை.

அதை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? ரத்த அழுத்தம் பார்ப்பதுபோலக் கையில் பட்டை கட்டி, ஐந்து நிமிடம் இறுக்கிப் பிடித்து, சட்டென்று விடுவார்கள். தடைபட்ட ரத்தம் பாய்ந்து வரும்போது குழாய் எவ்வளவு விரிந்து வழிவிடுகிறது என்று அல்ட்ராசவுண்டில் பார்ப்பார்கள். நன்றாக விரிந்தால் குழாயின் உட்சுவர் ஆரோக்கியமாக இருக்கிறது என்று பொருள். மாரடைப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கெடத் தொடங்குவது இந்த உட்சுவர்தான். அதனால்தான் இந்தச் சோதனையை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன்.

எனக்கு பிரஷர் இருக்கு. தினமும் இதைச் சாப்பிட்டா மாத்திரையை நிறுத்தலாமா?

கூடவே கூடாது. பலரை இப்படி யோசிக்க வைத்தது 2015-இல் வந்த ஒரு ஆய்வு. மாதவிடாய் நின்ற 48 பெண்களில் 8 வாரம் தினமும் 22 கிராம் ப்ளூபெர்ரிப் பொடி சாப்பிட்டவர்களுக்கு, மேல் அழுத்தம் சராசரியாக 138-லிருந்து 131-க்கும், கீழ் அழுத்தம் 80-லிருந்து 75-க்கும் இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் மேலே சொன்ன 6 மாதச் சோதனையில் ரத்த அழுத்தம் மாறவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், சிலருக்கு ஓரளவு குறையலாம் என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

மாத்திரையும் பழமும் சேர்ந்தே இருக்கட்டும். உப்பைக் குறைத்து, நடந்து, எடை இறங்கி, அளவு தொடர்ந்து நன்றாக இருந்தால் மாத்திரையைக் குறைப்பது பற்றி மருத்துவர் சொல்வார்.

சுகர் இருக்கறவங்க சாப்பிடலாமா? இனிப்பா இருக்கே.

சாப்பிடலாம். ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேகத்தைக் காட்டும் கிளைசெமிக் குறியீட்டில் இது 53 அளவில் இருக்கிறது. 55-க்குள் இருந்தால் குறைவு என்று கணக்கு. முக்கால் கப் பழத்தில் சுமார் 15 கிராம் மாவுச்சத்து. சர்க்கரை நோயாளிகளின் உணவுத் திட்டத்தில் ஒரு பங்குப் பழம் என்று எண்ணுவது இதைத்தான். அந்தப் பங்கை வேறு பழத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் சாப்பிடுவதோடு இதையும் கூடுதலாகச் சேர்த்தால் கணக்கு தப்பிவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை குளுக்கோமீட்டரில் பார்த்தால் உங்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும்.

நோய் இன்னும் வராதவர்களுக்கு வேறொரு தகவல். 2013-இல் 1,87,382 பேரின் விவரங்களை வைத்து வந்த ஆய்வில், வாரத்துக்கு மூன்று முறை ப்ளூபெர்ரி சாப்பிடும் பழக்கத்தோடு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வாய்ப்பு 26 சதவீதம் குறைந்திருந்தது. 2010-இல், உடல் பருமனும் இன்சுலின் சரியாக வேலை செய்யாத நிலையும் உள்ள 32 பேரிடம் நடந்த 6 வாரச் சோதனையில், தினமும் 45 கிராம் பொடி சாப்பிட்டவர்களுக்கு இன்சுலின் கூடுதலாக வேலை செய்தது. ஆனால் 2019 சோதனையில் அப்படி எந்த மாற்றமும் இல்லை. அதனால் இதைத் தடுப்பு மருந்தாக நான் யாருக்கும் சொல்வதில்லை. மாலையில் பிஸ்கட் எடுக்கும் கை இதை எடுத்தால் அதுவே பெரிய லாபம்.

அப்போ ஜூஸா குடிச்சா இன்னும் நல்லதா?

இல்லை. மேலே சொன்ன அதே 2013 ஆய்வில், முழுப் பழங்களோடு நோய் வாய்ப்பு குறைந்தது, பழச்சாறு குடிப்பவர்களுக்கோ கொஞ்சம் கூடியது. சாறாக வடிகட்டும்போது நார்ச்சத்து போய்விடுகிறது. நிறமி இருக்கும் தோலும் சக்கையோடு போகிறது. மூன்று கப் பழத்தின் சர்க்கரையை ஒரே மூச்சில் குடித்தும் விடுவோம். மிக்ஸியில் அரைத்து வடிகட்டாமல் குடித்தால் பரவாயில்லை, தோலும் நாரும் உள்ளேயே இருக்கும். பாட்டிலில் விற்கும் பானத்தை வாங்குவதாக இருந்தால் பெயரைப் பார்க்காமல் பொருட்பட்டியலைப் பாருங்கள். பல பானங்களில் முதலில் இருப்பது ஆப்பிள் சாறு அல்லது திராட்சைச் சாறு.

அம்மாவுக்கு ஞாபக மறதி ஆரம்பிச்சிருக்கு. இதைக் கொடுத்தா சரியாகுமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் கவலை எனக்குப் புரிகிறது. அதனால் நேராகச் சொல்கிறேன்: வந்துவிட்ட மறதி நோயை ப்ளூபெர்ரி குணமாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2012-இல் வெளியான ஆய்வில், 70 வயதைக் கடந்த 16,010 பெண்களில் ப்ளூபெர்ரி, ஸ்ட்ராபெர்ரி அதிகம் சாப்பிட்டவர்களுக்கு மூளைத் திறன் மங்குவது இரண்டரை ஆண்டுகள் வரை தள்ளிப்போனதுபோல இருந்தது. இது வாழ்நாள் பழக்கத்தைப் பற்றியது, நேற்று தொடங்கியதைப் பற்றியது இல்லை. லேசான மறதி தொடங்கிய முதியவர்களுக்குக் காட்டு ப்ளூபெர்ரிச் சாறு கொடுத்து 12 வாரத்தில் முன்னேற்றம் பார்த்த 2010 ஆய்வைப் பலர் எடுத்துக்காட்டுவார்கள். அதில் சாறு குடித்தவர்கள் 9 பேர்தான்.

அம்மாவுக்குப் பிடித்தால் கொடுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். பழத்தை நம்பி அதைத் தள்ளிப்போடுவதுதான் உண்மையான இழப்பு.

கண்ணாடியைக் கழட்டிடலாம்னு சொல்றாங்களே?

முடியாது. இந்த நம்பிக்கை ப்ளூபெர்ரியின் ஐரோப்பிய உறவான பில்பெர்ரியிலிருந்து வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் பில்பெர்ரி ஜாம் சாப்பிட்டு இருட்டில் துல்லியமாகப் பார்த்தார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. 2004-இல் இது தொடர்பான சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பரிசீலித்தவர்கள், ஆரோக்கியமானவர்களின் இரவுப் பார்வை மேம்படுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் கண்ணின் வடிவத்தால் வருபவை. எந்தப் பழமும் அதை மாற்றாது.

புற்றுநோய் வராதாமே?

ஆய்வுக்கூடத்தில் செல்கள் மீதும் எலிகள் மீதும் நடந்த சோதனைகளை வைத்துப் பரவிய பேச்சு. கண்ணாடித் தட்டில் இருக்கும் செல் மீது ஊற்றும் அடர்த்தி, சாப்பிட்டு ஜீரணமாகி ரத்தத்தில் சேரும் அளவோடு ஒப்பிட்டால் மிக மிக அதிகம். மனிதர்களுக்கு ப்ளூபெர்ரி புற்றுநோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று காட்டிய சோதனை கிடையாது. பழங்களும் காய்களும் நிறைந்த உணவு பொதுவாக நல்லது, அதில் இதற்கும் ஓர் இடம் உண்டு, அவ்வளவுதான். சிகிச்சையில் இருப்பவர்கள் பொடி, கேப்சூல் எதைத் தொடங்குவதானாலும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிட்டே தொடங்க வேண்டும்.

ஆன்டிஆக்ஸிடன்ட்ல நம்பர் ஒன்னுன்னு டப்பாவுல போட்டிருக்கே?

அந்தத் தரவரிசை ஓராக் என்ற பரிசோதனைக் குழாய் அளவீட்டிலிருந்து வந்தது. அமெரிக்க வேளாண் துறை அந்தப் பட்டியலை இணையத்தில் வைத்திருந்தது. குழாயில் கிடைக்கும் எண் உடம்புக்குள் நடப்பதைக் காட்டவில்லை, நிறுவனங்களும் அதை விற்பனைக்காகத் தவறாகப் பயன்படுத்தின. அதனால் 2012-இல் துறையே பட்டியலை நீக்கிவிட்டது. இன்றும் அந்த எண்ணை அச்சிட்டிருக்கும் டப்பா உங்களுக்குப் பயனுள்ள தகவல் எதையும் தரவில்லை. ரத்தக்குழாய் மேல் நடக்கும் வேலை வேறு வழியில் நடக்கிறது என்றுதான் இப்போது கருதுகிறார்கள். அந்தோசயனின் பற்றிய கேள்வியில் சொன்ன சின்ன அமிலங்கள் குழாய்ச் சுவரோடு பேசி, அதை விரிவடையச் செய்யும் நைட்ரிக் ஆக்ஸைடைக் கூட்டுகின்றன என்பது விளக்கம்.

எடை குறையுமா?

தானாகக் குறையாது. ஒரு கப்பில் 84 கலோரிதான், நாரும் தண்ணீரும் சேர்ந்து வயிறு நிறையும். அதனால் இனிப்புப் பண்டத்தின் இடத்தில் வைத்தால் உதவும்.

ஃப்ரீசர்ல வச்சு விக்கற பழத்துல சத்து போயிடுமா?

பெரும்பாலும் போகாது. பறித்த சில மணி நேரத்திலேயே உறைய வைப்பதால் அந்தோசயனின் நன்றாகவே தங்கும். பல நாள் பயணம் செய்து வாடிப்போன பழத்தைவிட உறைந்த பழம் மேல் என்பது என் அபிப்பிராயம். கரையும்போது பழம் கொழகொழவென்று ஆகி, அடியில் ஊதா நிறச் சாறு தேங்கும். உள்ளே உருவான பனிப்படிகங்கள் செல் சுவரைக் கிழித்துவிடுவதால் அப்படி ஆகிறது. அந்தச் சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், நிறமி அதில்தான் இறங்கியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. உறைநிலை கிருமிகளை உறங்க வைக்கும், கொல்லாது. 2013-இல் ஐரோப்பாவில் உறைந்த பெர்ரிக் கலவைகளால் ஹெபடைடிஸ் ஏ பரவியது. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், இறக்குமதியாகும் உறைந்த பெர்ரிகளை ஒரு நிமிடம் கொதிக்க வைத்துச் சாப்பிடச் சொல்கிறது. கர்ப்பிணிகள், முதியவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் இதைப் பின்பற்றுவது நல்லது.

காய்ந்தது, ஜாம், கேக்கில் போட்டது, இதெல்லாம் கணக்கில் சேருமா?

காய்ந்த ப்ளூபெர்ரியில் பெரும்பாலும் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். தண்ணீர் போய்விட்டதால் ஒரு கைப்பிடியிலேயே கலோரி ஏறிவிடும். ஜாமில் பாதிக்குப் பாதி சர்க்கரை. சூடு அந்தோசயனினில் ஒரு பகுதியை அழித்துவிடும். ஆசைக்குச் சாப்பிடுங்கள், உடம்புக்காக என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேக்கில் பழத்தைச் சுற்றிப் பச்சையாக இருக்கிறதே, கெட்டுப்போச்சா என்றும் கேட்கிறார்கள். கெடவில்லை. அந்தோசயனின் புளிப்பில் சிவக்கும், காரத்தன்மையில் நீலமும் பச்சையுமாக மாறும். மாவில் சமையல் சோடா கூடிவிட்டது என்று அர்த்தம்.

பால், தயிர், வாழைப்பழத்தோடு சேர்த்து அரைச்சா சத்து வீணாகுமாமே?

பால் விஷயத்தில் 2009-இல் 11 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்று இருக்கிறது. பாலோடு சாப்பிட்டபோது ப்ளூபெர்ரியின் ஆன்டிஆக்ஸிடன்ட் விளைவு ரத்தத்தில் குறைவாகத் தெரிந்தது. மேலே பார்த்த ஓராக் கதையைப் போலவே, அந்த எண் குறைந்தால் ரத்தக்குழாய்க்குக் கிடைக்கும் பலன் குறையும் என்று சொல்லிவிட முடியாது. தயிரில் போட்டுச் சாப்பிட்டால்தான் இறங்கும் என்றால் அப்படியே சாப்பிடுங்கள்.

வாழைப்பழம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. நறுக்கிய வாழைப்பழத்தைக் கறுக்க வைக்கும் நொதி, ஃபிளவனால் என்ற சத்தை உடைத்துவிடுகிறது. 2023-இல் வந்த ஆய்வில், வாழைப்பழம் சேர்த்து அரைத்த பானம் குடித்தவர்களுக்கு ரத்தத்தில் ஃபிளவனால் 84 சதவீதம் குறைந்தது. ஃபிளவனாலும் அந்தோசயனினும் ஒன்றில்லை, அந்த ஆய்வு அளந்தது முதலாவதை மட்டுமே. ஆனாலும் பெர்ரிக்காகவே பானம் தயாரிப்பதானால் வாழைப்பழத்தைத் தனியாகச் சாப்பிடுங்கள், நஷ்டம் ஒன்றுமில்லை.

வாங்கினதும் கழுவி ஃபிரிட்ஜ்ல வைக்கலாமா?

கழுவாமல் வையுங்கள். கழுவினால் மெழுகுப் படலம் போய், ஈரம் தங்கி, இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். டப்பாவைத் திறந்து நசுங்கினதை முதலில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். சாப்பிடும் முன் ஓடும் தண்ணீரில் அலசினால் போதும். சோப்பு வேண்டாம். சிவந்தும் பச்சையுமாக இருக்கும் பழம் வீட்டில் வைத்தால் இனிக்கும் என்று காத்திருக்காதீர்கள். நிறம் கொஞ்சம் மாறலாம், இனிப்பு கூடாது.

குழந்தைக்கு எப்போதிலிருந்து கொடுக்கலாம்?

ஆறு மாதம் கழிந்து திட உணவு பழகியதும் கொடுக்கலாம், ஆனால் முழுப் பழமாகக் கூடாது. உருண்டையாக, வழுக்கலாக, மூச்சுக்குழாயை அடைக்கக்கூடிய அளவில் இருக்கிறது. கைக்குழந்தைக்கு நசுக்கியோ மசித்தோ கொடுங்கள். நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு விரலால் தட்டையாக அழுத்தியோ நான்காக நறுக்கியோ தாருங்கள். நான்கு வயது வரை இந்தக் கவனம் வேண்டும். உட்கார வைத்து, பக்கத்தில் இருந்து கொடுங்கள். காரில் பின் சீட்டில் டப்பாவோடு விட்டுவிடாதீர்கள்.

மலம் கறுப்பா போகுது, பயமா இருக்கு.

நிறைய ப்ளூபெர்ரி சாப்பிட்ட மறுநாள் கருநீலமாகவோ கரும்பச்சையாகவோ போவது சகஜம். நிறமிதான் காரணம், ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் தார் போலப் பிசுபிசுப்பாக, வழக்கத்துக்கு மாறான கடும் நாற்றத்தோடு இருந்தால், அல்லது தலைசுற்றல், வயிற்று வலி சேர்ந்திருந்தால், அது இரைப்பையில் ரத்தக்கசிவாக இருக்கலாம். பழத்தின் மேல் பழியைப் போட்டுக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடறேன். வைட்டமின் கே இருக்குன்னு சொன்னீங்களே?

ஆமாம், ஒரு கப்பில் சுமார் 29 மைக்ரோகிராம். 100 கிராம் பச்சைப் பசலைக்கீரையில் 480-க்கும் மேல் இருப்பதோடு ஒப்பிட்டால் இது சிறிய அளவு. வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் பார்க்க வேண்டியது சீரான பழக்கத்தை. ஒரு வாரம் தினமும் இரண்டு கப், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாதீர்கள். புதிதாகத் தினசரிப் பழக்கமாக்குவதானால் ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்கும் அடுத்த ஐஎன்ஆர் பரிசோதனையின்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிறுநீரக நோயாளிகளும் இதே தயக்கத்தோடு கேட்கிறார்கள். பொட்டாசியம் குறைந்த பழங்களில் இதுவும் ஒன்று. மருத்துவர் சொன்ன அளவுக்குள் பெரும்பாலும் இடம் கிடைக்கும்.

பழம் கிடைக்கலை. கேப்சூல், பொடி வாங்கலாமா?

கேப்சூலை நான் பரிந்துரைப்பதில்லை. உள்ளே எவ்வளவு அந்தோசயனின் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை, நாரும் கிடையாது. உறையவைத்து உலர்த்திய பொடி வேறு. சோதனைகளில் பயன்படுத்தியதும் அதைத்தான். பொருட்பட்டியலில் ப்ளூபெர்ரி மட்டுமே இருக்க வேண்டும். 2019 சோதனையில் ஒரு கப்புக்கு ஈடாகக் கொடுத்தது 26 கிராம், அதாவது கிராம் கணக்கில். 500 மில்லிகிராம் கேப்சூல் அதற்குப் பக்கத்தில்கூட வராது.

பழமும் பொடியும் இல்லாவிட்டால் ஏங்க வேண்டாம். கருந்திராட்சை, பிளம்ஸ், ஸ்ட்ராபெர்ரி, ஊதா முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் அந்தோசயனின் இருக்கிறது. கறுப்பும் ஊதாவும் சிவப்புமாக எது கிடைக்கிறதோ அதை மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள்.

காட்டு ப்ளூபெர்ரிதான் ஒஸ்தியாமே?

பழம் சிறியது, அதனால் அதே எடைக்குத் தோல் அதிகம், அந்தோசயனினும் பொதுவாக அதிகம். ஆனால் சாகுபடிப் பழமும் காட்டிலிருந்து வந்ததுதான். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் எலிசபெத் வைட், காட்டில் பெரிய பழம் காய்த்த செடிகளைத் தேடிச் சேகரித்தார். தாவரவியலாளர் ஃபிரெட்ரிக் கோவில், இந்தச் செடிக்கு அமில மண் வேண்டும் என்பதைக் கண்டுபிடித்தவர். இருவரும் சேர்ந்து உழைத்து, 1916-இல் முதல் சாகுபடிப் பழங்கள் விற்பனைக்கு வந்தன. மேலே சொன்ன 2019 இதயச் சோதனை சாகுபடி ரகத்தில் நடந்தது. கிடைப்பதைச் சாப்பிடுங்கள்.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் விவசாயிகள் சங்கமே காசு கொடுக்குதாமே, நம்பலாமா?

நியாயமான கேள்வி. 2019 சோதனை உட்படப் பல ஆய்வுகளுக்கு அமெரிக்க ப்ளூபெர்ரி உற்பத்தியாளர் அமைப்பு நிதி தந்திருக்கிறது, கட்டுரையிலேயே அதைக் குறிப்பிட்டும் இருக்கிறார்கள். நிதி வந்ததாலேயே முடிவு பொய்யாகிவிடாது. அந்தச் சோதனையில் இன்சுலினிலும் ரத்த அழுத்தத்திலும் மாற்றம் இல்லை என்ற பாதகமான முடிவையும் சேர்த்தே வெளியிட்டார்கள். ஆனால் எந்தக் கேள்வியைக் கேட்பது, எந்தப் பழத்தைச் சோதிப்பது என்பதைப் பணம் தீர்மானிக்கிறது. மற்ற பழங்களுக்கு இத்தனை ஆய்வு இல்லாததற்குச் செலவழிக்க ஆள் இல்லாததும் ஒரு காரணம். மாரடைப்பு எண்ணிக்கையே குறைகிறதா என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் பார்க்கும் நீண்ட சோதனை நடக்கும்வரை, என் பரிந்துரையும் இந்த அளவில்தான் நிற்கும்.

மூணு மாசமா தினமும் சாப்பிடறேன். ரத்தப் பரிசோதனைல ஒரு மாற்றமும் இல்லையே, ஏன்?

வழக்கமான பரிசோதனையில் தெரியும் விஷயம் இது இல்லை. பலன் தெரிந்தது, பட்டை கட்டி அல்ட்ராசவுண்டில் பார்க்கும் அந்தச் சோதனையில். அதை ஆய்வுக்கு வெளியே பெரும்பாலும் யாரும் செய்து பார்ப்பதில்லை. கொலஸ்ட்ராலிலும் பெரிய இறக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். 2019 சோதனையில் நல்ல கொலஸ்ட்ரால் சற்றுக் கூடியது, அதுவும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு.

எனக்கு நீங்கள் சொல்ல வேண்டியது வேறு. இந்த மூன்று மாதமும் ப்ளூபெர்ரி உங்கள் தட்டில் எதன் இடத்தைப் பிடித்தது? சர்க்கரை போட்ட காலை உணவின் மேல் தூவிக்கொண்டிருந்தால், முதலில் அந்தக் கிண்ணத்தில் இருப்பதை மாற்றுங்கள். ஓட்ஸ், சர்க்கரையில்லாத தயிர், கொஞ்சம் கொட்டைப் பருப்பு. அடுத்த பரிசோதனைக்கு இன்னும் மூன்று மாதம் கொடுங்கள்.